ஃப்ளாட்டுக்குள் சைக்கிள்: எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது

சென்னையில் 600, 700 சதுர அடி ஃப்ளாட்டில் இருந்துகொண்டு சைக்கிள் வாங்குகிறவர்கள், ‘வீட்டில் எந்த மூலை காலி?’ என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்த அளவு வீட்டில் காலி மூலை என்று ஒன்று இருக்காது. இருந்தால் அங்கே ஏற்கெனவே தண்ணீர் கேனோ மடக்குக் கட்டிலோ நின்றுகொண்டிருக்கும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்தச் சைக்கிளை யார், வாரத்துக்கு எத்தனை நாள் வெளியே எடுக்கப்போகிறார்?

தினமும் எடுக்கிற சைக்கிள் என்றால் அது தரையில், வாசற்கதவுக்குப் பக்கத்தில், வேறு எந்தச் சாமானையும் நகர்த்தாமல் ஒரு நிமிடத்தில் வெளியே வரும்படி நிற்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவர் சுவரில் மாட்டலாம். மாதம் ஒரு முறைகூட எடுக்காத சைக்கிளைக் கூரையில் கட்டித் தொங்கவிடலாம். ஓட்டக்கூடிய யாருக்காவது கொடுத்தும்விடலாம். இந்த வரிசையை மாற்றிவைத்தால் என்ன ஆகும் என்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இடம் மிச்சமாகும், ஆனால் காலையில் 5.30 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சோபாவை இழுத்து, கொக்கியிலிருந்து 15 கிலோவை இறக்க எவருக்கும் மனம் வராது. இரண்டு மாதத்தில் சைக்கிள் துணி காயப்போடும் கொடியாகிவிடும்.

அளந்து பார்த்தல்

இஞ்சு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் முன் டயரின் விளிம்பிலிருந்து பின் டயரின் விளிம்பு வரை சுமார் 170 முதல் 180 செ.மீ. நீளம் இருக்கும். உயரம் ஒரு மீட்டர், அல்லது அதற்குச் சற்று மேல். அகலத்தைத் தீர்மானிப்பது ஹேண்டில்பார்: சாதாரண சைக்கிளிலும் ஹைப்ரிடிலும் 60 செ.மீ.யை ஒட்டி வரும், மவுன்டன் பைக்கில் 70 செ.மீ.யைத் தாண்டிவிடும். உங்கள் சைக்கிளையே அளந்து மூன்று எண்களையும் எழுதிவையுங்கள். கடைக்காரர் சொன்ன அளவை நம்ப வேண்டாம். கேரியரும் மட்கார்டும் சேர்ந்தால் கணக்கு மாறும்.

அடுத்தது வழி. வாசற்கதவு பெரும்பாலும் மூன்றரை அடி, படுக்கையறைக் கதவு மூன்றடி, குளியலறைக் கதவு இரண்டரை அடி. சைக்கிள் கதவுக்குள் நுழைவதில் சிக்கல் வராது. நுழைந்தபின் திரும்புவதில்தான் வரும். வாசலைத் தாண்டியதும் எதிரே சுவர், இடப்பக்கம் திரும்பினால் ஹால் என்கிற அமைப்பில், நீளமான சைக்கிளைத் திருப்ப முன்சக்கரத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் ஆணி அடிக்க அவசரப்படாதீர்கள். சைக்கிள் பிடிக்கப்போகும் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கோலமாவு கையில் இருந்தால் அதுவும் போதும். ஒரு வாரம் அந்தக் கட்டத்தை மிதிக்காமல் வீட்டில் நடமாடிப் பாருங்கள். பிரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்கிறதா, 20 லிட்டர் கேன் போடுகிற பையன் சமையலறை வரை போக முடிகிறதா, இரவில் விளக்கைப் போடாமல் குளியலறைக்கு எழுந்து போகிறவர் காலில் பெடல் இடிக்குமா என்பதெல்லாம் இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வீட்டில் உள்ள மற்றவர்களின் சம்மதமும் இதிலேயே கிடைக்கும், அல்லது கிடைக்காமல் போகும். எதுவாக இருந்தாலும் சுவரில் துளை போடும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

கீழேயிருந்து மேலே கொண்டுவருதல்

லிஃப்ட் உள்ள கட்டடத்தில், ஆறு பேர் ஏறும் சின்ன லிஃப்டில்கூடச் சைக்கிளை ஏற்றிவிடலாம். படுக்கைவசமாக ஏற்றப் பார்த்தால் நடக்காது. லிஃப்டின் முன் நின்று, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை மேலே இழுங்கள். சைக்கிள் பின்சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும். பிரேக்கை விட்டு, பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டே நீங்கள் பின்னோக்கி உள்ளே போங்கள். உள்ளே நின்றதும் மறுபடி பிரேக்கைப் பிடியுங்கள். முன்சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து கண்ணாடியில் இடிக்காமல் மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மட்கார்டு நீளமான சைக்கிளில் அதன் நுனி தரையில் உரசுகிறதா என்று முதல் தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நேரத்திலும் அலுவலகம் விடும் நேரத்திலும் சைக்கிளோடு லிஃப்டில் நின்றால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். அந்த நேரங்களைத் தவிர்த்துவிட்டால் பாதிப் பகை வராது.

வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் போன்ற பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, தோள்தான். செயின் சைக்கிளின் வலப்பக்கம் இருக்கிறது. எனவே சைக்கிளின் இடப்பக்கம் நின்று, வலக்கையைச் சட்டத்தின் முக்கோணத்துக்குள் விட்டு, மேல் பாரை வலத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். செயின் எண்ணெய் சட்டையில் படாது. இடக்கை மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்கக் காலியாக இருக்கும். அலுமினியச் சட்டம் உள்ள ஹைப்ரிட் 12, 13 கிலோ இருக்கும். அதை இப்படி ஏற்றுவது பழகிவிடும். பால்காரர்கள் ஓட்டுகிற பழைய பாணி இரும்பு சைக்கிள் 20 கிலோவைத் தொடும். அதைத் தினமும் மூன்றாம் மாடிக்குத் தூக்குவேன் என்று திட்டம் போடாதீர்கள். அதைக் கீழேயே நல்ல பூட்டுப் போட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தரையில் நிறுத்துவது

எனக்கு எப்போதும் பிடித்தது இதுதான். ஹால் சுவரையொட்டி, சோபாவுக்கும் சுவருக்கும் இடையிலோ வாசலை ஒட்டிய நடையிலோ 180 செ.மீ. நீளம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பெடலில் ஒன்றைச் சுவர்ப்பக்கம் மேலே தூக்கி வைத்தால் சைக்கிள் சுவரோடு இன்னும் நெருங்கும்.

தரையில் நிறுத்துவதில் இரண்டு தொந்தரவுகள் உண்டு. ஒன்று, வழவழப்பான டைல்ஸ் தரையில் சைடு ஸ்டாண்டு நழுவும், சக்கரம் உருளும். இதற்கு ஒரு ரப்பர் பேண்டு போதும்: பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து, அதையும் ஹேண்டில் பிடியையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும், சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நகராமல் நிற்கும். அகலமான ரப்பர் பேண்டு கிடைக்காவிட்டால் பழைய டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, சுவரில் கறுப்புக் கோடு. டயரும் கைப்பிடியும் உரசுகிற இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவரானாலும் எமல்ஷன் அடித்த சுவரானாலும் கறை விழும், துடைத்தால் பரவும். பழைய பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தலாம். ஒரு ஃபோம் ஷீட்டை ஒட்டலாம். டயருக்குக் கீழே கோணிச் சாக்கோ தென்னைநார் மிதியடியோ போட்டுவிட்டால் மழைநாளில் சொட்டுகிற தண்ணீரும் மண்ணும் அதோடு நிற்கும்.

தரையிலேயே குறைவான இடத்தில் வைக்க வேண்டுமானால் முன்சக்கரத்தைக் கழற்றுவது ஒரு வழி. நெம்புகோல் வைத்த விரைவுப் பூட்டு உள்ள சைக்கிளில் ஸ்பேனர் இல்லாமலே அரை நிமிடத்தில் கழன்றுவிடும், நீளம் 140 செ.மீ. அளவுக்குக் குறையும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக் லீவரை அழுத்தவே கூடாது. ஹைட்ராலிக் வகையானால் உள்ளே இருக்கும் இரண்டு பேடுகளும் ஒன்றையொன்று நெருங்கி, பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. இடையில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவைத்தால் குழந்தைகள் அழுத்தினாலும் கவலையில்லை.

நெடுநாள் வைக்கப்போகிற சைக்கிளானால் பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரை நீளவாக்கில் திருப்பிவிடலாம். சைக்கிள் பலகைபோலத் தட்டையாகிவிடும். பெடல் கழற்றப் பெரும்பாலும் 15 எண் ஸ்பேனர். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. இது தெரியாமல் பலம் கொண்டமட்டும் திருகி மரையை நாசமாக்கியவர்கள் நிறையப் பேர்.

சுவரில் மாட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். கொக்கியைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் போதும். எந்தச் சுவரில் அடிக்கிறோம் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

மாட்டுகிற விதங்கள் இரண்டு. படுக்கைவசமாக மாட்டினால் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியில் மேல் பார் உட்காரும். சுவரில் 180 செ.மீ. அகலம் வேண்டும், அறைக்குள் ஹேண்டில்பாரின் பாதியும் கொஞ்சம் கூடுதலுமாக 40 செ.மீ. நீட்டும். நெட்டுக்குத்தாக மாட்டினால் முன்சக்கரத்தை ஒரே கொக்கியில் தொங்கவிட வேண்டும். சுவரில் ஹேண்டில்பார் அளவு அகலமே போதும். அறைக்குள் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கதவைப்போல ஒரு பக்கம் மடங்கிச் சுவரோடு சாயும் நெட்டுக்குத்துக் கொக்கிகளும் விற்கின்றன. நடையில் மாட்ட அவை ஏற்றவை.

சக்கரத்தில் தொங்கவிட்டால் ரிம் வளைந்துவிடாதா என்று பலர் தயங்குகிறார்கள். உங்கள் எடையையும் சாலைப் பள்ளங்களையும் தாங்குகிற சக்கரத்துக்குச் சைக்கிளின் 15 கிலோ ஒரு பொருட்டல்ல. பெண்கள் சைக்கிளில் மேல் பார் சரிவாகவோ இல்லாமலோ இருக்கும். அதைப் படுக்கைவசக் கொக்கியில் மாட்டினால் ஒரு பக்கம் சரியும். அதற்கு நெட்டுக்குத்துக் கொக்கியே நல்லது. கூடை வைத்திருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

உயரக் கணக்கு இது. தரையில் நிற்கும்போது மேல் பார் 75, 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதைச் சுவரில் 150 செ.மீ. உயரத்தில் மாட்டினால் டயர் தரையிலிருந்து 70 செ.மீ. மேலே நிற்கும். கீழே செருப்பு அலமாரி வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் அந்த உயரத்தில் ஹேண்டில்பாரின் நுனி சரியாக மனிதர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே அலமாரி இருந்தால் யாரும் அங்கே நடக்க மாட்டார்கள். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள், எவ்வளவு உறுதியான கொக்கியானாலும்.

இரண்டு சைக்கிள்களை அருகருகே நெட்டுக்குத்தாக மாட்டும்போது கொக்கிகளை ஒரே உயரத்தில் அடித்தால் ஹேண்டில்பார்கள் மோதும். ஒன்றை 25 செ.மீ. ஏற்றியோ இறக்கியோ அடித்தால், ஒன்றின் ஹேண்டில் மற்றொன்றின் ஹேண்டிலுக்கு மேலே போய்விடும். அப்போது இடைவெளி 45 செ.மீ. இருந்தாலே சமாளிக்கலாம்.

இப்போது சுவர். உங்கள் கட்டடம் எதனால் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து வேலை மாறும். பழைய கட்டடங்களில் செங்கல். உள்சுவர் நாலரை அங்குலம், வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழும்பிய பல கட்டடங்களில் ஏஏசி பிளாக் எனப்படும் எடை குறைந்த நுரைக் கல். பெரிய அடுக்குமாடித் திட்டங்கள் சிலவற்றில் அலுமினிய அச்சில் வார்த்த முழு கான்கிரீட் சுவர். பூச்சும் பெயின்ட்டும் அடித்தபின் வெளியே மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். டிரில் வைத்ததும் வேஷம் கலைந்துவிடும். முதல் ஒன்றரை சென்டிமீட்டர் பெரும்பாலும் சிமென்ட் பூச்சு, சாம்பல் நிறப் பொடி. அதற்குப் பிறகு செம்பொடி கொட்டினால் செங்கல். வெண்சாம்பல் நிறத்தில் மாவுபோல, எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் ஏஏசி. டிரில் அலறி, முனை சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் பொடி வந்தால் கான்கிரீட். சந்தேகமிருந்தால் அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் சின்னத் துளை ஒன்று போட்டுப் பாருங்கள்.

செங்கல் சுவரில் 10 மி.மீ. துளை, அதே அளவு நைலான் கட்டை (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை), அதற்கேற்ற நீளத் திருகு போதும். பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சுக்குப் பிறகு செங்கல்லுக்குள் குறைந்தது 5 செ.மீ. போக வேண்டும். இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள கலவை இணைப்பில் துளை விழுந்தால் பிடிப்பு குறையும். பொடி செம்மையிலிருந்து சாம்பலுக்கு மாறினால் சில சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். கான்கிரீட்டில் பிடிப்பு பிரமாதமாக இருக்கும், ஆனால் வீட்டு உபயோக டிரில் திணறும். ரோட்டரி ஹேமர் மெஷின் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனையோ தச்சரையோ கூப்பிடுங்கள். ஏஏசி சுவரில்தான் கொக்கிகள் பிய்த்துக்கொண்டு வருகின்றன. டிரில்லில் அடித்துத் துளைக்கும் ஹேமர் இயக்கத்தை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளையிட வேண்டும், இல்லாவிட்டால் துளை அகன்றுபோகும். கட்டையும் நுரைக் கல்லுக்கென்றே செய்யப்பட்ட நீளமான வகையாக இருக்க வேண்டும். இன்னும் நிம்மதி வேண்டுமானால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பலகையை ஆறு இடங்களில் திருகிச் சுவரில் பொருத்தி, கொக்கியைப் பலகையில் மாட்டுங்கள்; பாரம் ஆறாகப் பிரியும். அறை மூலைகளில் உள்ள கான்கிரீட் தூணில் அடிக்க வழியிருந்தால் பலகையும் தேவையில்லை.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடக் கூடாது. சுவருக்குள் மின்கம்பிக் குழாய் அந்தக் கோட்டில்தான் போகும். குளியலறை, சமையலறைக்குப் பொதுவான சுவரில் தண்ணீர்க் குழாய் ஓடும். அந்தச் சுவரை மறந்துவிடுங்கள்.

துளை போட்டதும் உள்ளே நிற்கும் பொடியை வெளியேற்றாமல் கட்டையைச் செருகினால் அது பாதியில் நிற்கும், நின்றாலும் வழுக்கும். இதற்குச் சைக்கிள் பம்பே நல்ல கருவி: குழாய் நுனியைத் துளையில் வைத்து நாலு அடி அடித்தால் பொடி புகையாக வெளியே பறக்கும். கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள். கொக்கியை இறுக்கியபின் சைக்கிளை மாட்டும் முன், 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி அதில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் மேல் திருகின் தலைக்கும் சுவருக்கும் இடையே முடியளவு இடைவெளி தெரிந்தாலும் அந்தத் துளை உதவாது. பாரம் சுவரிலிருந்து தள்ளி நிற்பதால் மேல் திருகைத்தான் அது வெளியே இழுக்கும். பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

வாடகை வீடு

வீட்டு உரிமையாளரிடம் கேட்காமல் துளை போட்டால் காலி செய்யும் நாளில் அட்வான்சில் கை வைப்பார். ‘போகும்போது பட்டி வைத்து அடைத்து, பெயின்ட்டும் தொட்டுத் தருகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பலர் சம்மதிப்பார்கள்.

சம்மதிக்காதவர் வீட்டில் இரண்டு வழி உண்டு. தரைக்கும் கூரைக்கும் இடையே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் கம்பம் ஒன்று. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சைக்கிள் மாட்டலாம். வாங்கும் முன் அந்தக் கம்பம் எத்தனை உயரம் வரை நீளும் என்று பாருங்கள். நம் வீடுகளில் கூரை ஒன்பதரை, பத்தடி இருக்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் இது நிற்காது, தள்ளிக்கொண்டு மேலே போய்விடும். அல்லது சுவரில் வெறுமனே சாய்ந்து நிற்கும் இரட்டைத் தட்டு ஸ்டாண்டு. பாரம் முழுவதும் தரைக்குப் போவதால் ஆணி வேண்டாம். குழந்தைகள் பிடித்து ஏறுகிற வீட்டில் இரண்டுமே வேண்டாம்.

கூரை, பரண்

கயிறும் கப்பியும் வைத்துக் கூரைக்கு ஏற்றும் அமைப்பு பார்க்க அழகாக இருக்கும். கான்கிரீட் கூரையில் நாலு போல்ட்டு அடிக்க வேண்டும். அதன் உள்ளேயும் மின்கம்பிக் குழாய்கள் ஓடுகின்றன. மேல்மாடி வீடானால் மொட்டைமாடி ஈரம் இறங்க நீங்களே வழி திறந்துவிட்டதாகும். ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்துக்குள் எதுவும் வரக் கூடாது என்பதால் சின்ன அறையில் இடமும் மிஞ்சாது. ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கிற சைக்கிளுக்கு மட்டும் இதை யோசியுங்கள்.

பரணில் பெரியவர் சைக்கிள் ஏறாது. குழந்தையின் 16 அங்குல சைக்கிள் ஏறும். ஆனால் அது திரும்ப இறங்கும்போது குழந்தை வளர்ந்துவிட்டிருக்கும். அடுத்த தம்பியோ தங்கையோ இல்லாத வீட்டில் உடனே கைமாற்றிவிடுவது மேல்.

பால்கனி என்னும் ஆசை

எல்லாரும் முதலில் பார்ப்பது பால்கனியைத்தான். சென்னைப் பால்கனியில் சைக்கிளுக்கு நாலு எதிரிகள்: வெயில், சாரல், உப்புக் காற்று, புறா.

வெயில் டயரின் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும், சீட்டின் மேலுறையை உரிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைச் சாரல். திருவான்மியூர், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் உப்பு. செயினும் திருகுத் தலைகளும் போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடத்து நிப்பிள்களும் முதலில் துரு ஏறும். பிரேக் வயர் உறைக்குள் ஏறும் துரு கண்ணில் படாது. லீவரை அழுத்தினால் மெதுவாகத் திரும்பி வருவதுதான் அடையாளம். புறா எச்சத்தில் அமிலம் உண்டு. இரண்டு மூன்று நாள் விட்டால் பெயின்ட்டில் தழும்பு விழும்.

வேறு வழியே இல்லை, பால்கனிதான் என்றால், முதலில் புறா வலை. பிறகு வெளிப்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தாமல், வீட்டுச் சுவரையொட்டி நிறுத்துங்கள். இரவும் பகலும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள்: உள்ளே ஈரம் தங்கி, திறந்து வைத்ததைவிட வேகமாகத் துரு பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ வெயிலையும் தூசியையும் தடுக்கும், காற்றையும் விடும். மழை பெய்கிற நாளில் மட்டும் அதன்மேல் பிளாஸ்டிக். வாரம் ஒரு முறை செயினைத் துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டுச் செயின் எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். போர் தண்ணீரில் கழுவினால் உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் அந்தத் தண்ணீரே உப்பு.

வீட்டுக்குள்ளும் ஓர் இடம் ஆகாது: இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கம். தண்ணீர் ஊற்றும் ஈய அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது கிளம்பும் வாயுவோடு நுண்ணிய அமிலத் துளிகளும் வரும். எலக்ட்ரிக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் லித்தியம் பேட்டரியை எல்லாரும் தூங்கும் நேரத்தில், வீட்டின் ஒரே வாசலை ஒட்டிச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். பேட்டரியைத் தனியே கழற்ற முடிந்தால் கழற்றி, விழித்திருக்கும் நேரத்தில், துணிமணி அருகில் இல்லாத தரையில் வைத்து, அந்தச் சைக்கிளோடு வந்த சார்ஜரில் போடுங்கள்.

கீழ்த்தளமும் சங்கமும்

வாசலுக்கு வெளியே உள்ள நடை உங்களுடையது அல்ல. தீ விபத்தின்போது புகையில் தடவிக்கொண்டு ஓடுகிறவர் காலில் சிக்குவது அங்கே நிறுத்திய சைக்கிள்தான். படிக்கட்டுத் திருப்பங்களுக்கும் இதுவே பொருந்தும். படிக்கட்டின் அடியில் இடம் இருக்கும். ஆனால் பெரும்பாலான கட்டடங்களில் மின் மீட்டர்களும் மோட்டார் சுவிட்சும் அங்கேதான். ரீடிங் எடுக்க வருபவர் எட்டிப் பார்க்கும்படி விட்டு நிறுத்த முடிந்தால் சங்கத்திடம் கேட்டு நிறுத்துங்கள்.

தூண்களுக்கு மேல் நிற்கும் கட்டடங்களில் கார் நிறுத்துமிடத்தில் தூணுக்கும் மதில் சுவருக்கும் இடையே காருக்கும் பயன்படாத, பைக்குக்கும் பயன்படாத ஒன்றரை அடி, இரண்டடி இடுக்குகள் இருக்கும். சைக்கிள் வைத்திருக்கும் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து, அந்த இடுக்கைச் செல்போனில் படம் பிடித்து, அளவு எழுதி, சங்கத்துக்குக் கடிதமாகக் கொடுங்கள். ‘சைக்கிளுக்கு இடம் வேண்டும்’ என்று கூட்டத்தில் பொதுவாகப் பேசினால் கார்க்காரர்கள் பதறுவார்கள். இன்ன தூணுக்குப் பின்னால் இத்தனை அடி என்று காட்டினால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

கீழே நிறுத்தும்போது கியர் உள்ள பக்கம் சுவரைப் பார்க்க இருக்கட்டும். ஸ்கூட்டர் இடித்தால் வளைவது பின் கியர் தொங்கும் கொக்கிதான். பூட்டு சக்கரத்தை மட்டும் கட்டினால் போதாது, சட்டத்தையும் அசையாத ஒரு கம்பியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனால் போலீசில் கேட்கப்படும் முதல் அடையாளம் அது.

வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் கீழ்த்தளம் நம்பத்தக்கதல்ல. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் தரைத்தளங்களில் நின்ற வண்டிகள் என்ன பாடுபட்டன என்பது தெரிந்ததே. கனமழை எச்சரிக்கை வந்த அன்றே சைக்கிளை மேலே கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு நாள் ஹாலில் இடிபட்டுக்கொண்டு நடக்கலாம். சக்கர அச்சு வரை தண்ணீரில் நின்றுவிட்டால் வெளியே துடைத்து எண்ணெய் விட்டால் தீராது. ஹப், பெடல் அச்சு இரண்டின் பேரிங்குகளையும் கடையில் பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

மே மாதம் முழுவதும் ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் டயரில் காற்றை நிரப்பிவிட்டுப் போங்கள். டியூபிலிருந்து காற்று தானாகவே குறையும்; இறங்கிய டயரின்மேல் ரிம் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் பக்கச் சுவர் மடிந்து வெடிக்கும். சுவரில் தொங்கும் சைக்கிளுக்கு இந்தக் கவலை இல்லை. திரும்பி வந்ததும் ஓட்டும் முன் காற்றடித்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.